ஸ்பீக்கர் அண்ணனும் என் சாம்பாரும்

எழுபதுகளில் பாடாங் செராய் பக்கம், ஸ்பீக்கர் அண்ணன் சொல்லாதவரை எதுவும் நடந்ததாக யாரும் ஒத்துக்கொள்வதில்லை. செத்தவர்கூட அவர் வந்து அறிவிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு பழைய சைக்கிள், முன்னால் கட்டிய ஒலிபெருக்கி, பின்னால் பெட்டியில் பேட்டரி. ரப்பர் தோட்டத்து லயங்களிலும், அதாவது வரிசை வீடுகளிலும், கடைத்தெருவிலும் விளம்பரம் சொல்வதுதான் தொழில். அந்தத் தொழிலுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத ஒரு வியாதி அவருக்கு இருந்தது. பொய் வராது.

சினிமா கொட்டகைக்காரர் அனுப்பினால், "சண்ட நல்லா இருக்கு. கத சுமார்தான். அழுவுறவங்க துண்டு எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டே போவார். துணிக்கடை பாய்க்கு ஒருமுறை, "சேல சாயம் போவும். ஆனா மெதுவாத்தான் போவும்" என்று சொன்னார்.

பாய் ஓடிவந்து சைக்கிளை மறித்தார். "என்னய்யா, சாயத்தப் பத்தி ஒன்ன யாரு கேட்டா?"

"வாங்குறவங்க கேப்பாங்க பாய். முன்னாடியே சொல்லிட்டேன்லா."

அன்று சாயங்காலமே சேலை தீர்ந்துபோனது. பாய் மறுவாரமும் அவரையே கூப்பிட்டார். காதில் மட்டும் பஞ்சு வைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் காலை உடைத்துக்கொண்டு படுத்த வருஷம், ஞாயிற்றுக்கிழமை கூடும் பாசாரில், சந்தையில், தோசைக்கடை போட்டேன். அதுதான் எங்கள் வீட்டுச் சோறு. மூன்றாவது வாரம், என் சாம்பாரில் பல்லி விழுந்ததாக யாரோ கிளப்பிவிட்டார்கள். நான் சும்மா இருப்பேனா? லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டி, "என் சாம்பார்ல பல்லி விழல" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு கடைக்கு வந்தது ஒரு ஆடும் என் நாத்தனாரும்தான்.

ஸ்பீக்கர் அண்ணனிடம் போய் நின்றேன். "பல்லி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

"பாதிப் பேருக்குப் பல்லி கதையே தெரியாது. நீதான் வீடு வீடாப் போயி சொல்லிக் குடுத்திருக்க."

"இப்ப என்னண்ணே பண்றது? கட போனா அடுப்பு எரியாதுண்ணே."

"பாக்காதத நான் சொல்லமாட்டேன் தங்கச்சி. ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்."

வந்தார். அடுப்புக்கு நேராக முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஸ்பீக்கரை முடுக்கிவிட்டார்.

"தங்கச்சி கை கழுவுது. இன்னொரு தடவ கழுவுது. பருப்பு கொட்டுது. மூடி போடுது. மூடி சரியா உக்காரல. இப்ப உக்காந்துருச்சு."

பாசாரே திரும்பிப் பார்த்தது. மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். சாம்பார் கொதித்து இறங்கியதும் அண்ணன் அகப்பையை விட்டு அடிவரை துழாவினார்.

"முருங்கக்காய் இருக்கு. கத்திரிக்காய் இருக்கு. வேற உயிர் எதுவும் இல்ல."

எனக்கு மூச்சு வந்தது. பிறகு ஒரு வாய் ஊற்றிக் குடித்துச் சப்புக்கொட்டினார்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

அந்த அகப்பையாலேயே அவர் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். ஆனால் உப்பையே விட்டுக்கொடுக்காத மனுஷன் பல்லியை விட்டுவிடுவாரா என்று கூட்டத்துக்குத் தோன்றிவிட்டது. உப்பைச் சோதித்துப் பார்க்கவே வரிசை கட்டி நின்றார்கள். பத்து மணிக்குள் மாவுச்சட்டி காலி.

அதற்குப் பிறகு என் சாம்பாரில் உப்பு தவறியதே இல்லை. அண்ணன் சாப்பிட வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு சிட்டிகை குறைத்துப் போடுவேன். ஸ்பீக்கரில் அவர் என்னைக் குறை சொல்லிக் கேட்காவிட்டால், அந்த வாரமே எனக்கு ருசிக்காது.