கூட வந்தவர்கள் வெளியே இருக்கவும்

உலகத்தில் வேலை தேடுகிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. அவர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். வேலை தேடுகிறவர்களுக்குக் கூடப் போகிறவர்கள் என்று இன்னோர் இனம் இருக்கிறது. அவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. ஆனால் எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம். நம்பாவிட்டால், ஏதாவது ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற நாளில் போய்ப் பாருங்கள். தேனியில் நான் எண்ணிப் பார்த்தேன். வேலைக்கு வந்தவர்கள் ஆறு பேர். கூட வந்தவர்கள் பதினொரு பேர்.

கூட வந்தவரைக் கண்டுபிடிப்பது எளிது. கோப்பு அவர் கையில் இருக்கும். படித்தது பிள்ளை, பரீட்சை எழுதியது பிள்ளை, நான்கு வருடம் வார்டு வார்டாக நின்று கால் வீங்கியதும் பிள்ளைதான்; ஆனால் கோப்பைத் தொடப் பிள்ளைக்கு அனுமதி கிடையாது. அதற்குள் அசல் சான்றிதழ்கள், ஜெராக்ஸ் மூன்று செட், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ எட்டு, பசை, ஊதாப் பேனா, கறுப்புப் பேனா, இரண்டும் எழுதாமல் போனால் எடுக்க ஒரு பென்சில், யாரும் கேட்காத ரேஷன் கார்டு எல்லாம் இருக்கும். இதை வைத்து ஒரு சிறிய அரசு அலுவலகம் நடத்தலாம்.

அடுத்த அடையாளம், பேச்சு. பண்ணைப்புரத்திலிருந்து மகள் ஓவியாவோடு வந்திருந்த சுருளிவேல் என்ற வாழைத் தோட்டக்காரர், வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் போய் நின்றார்.

"நாங்க பி.எஸ்சி. நர்சிங் முடிச்சிருக்கோம்மா. கவுன்சில்ல பதிஞ்சிட்டோம். ஊசியெல்லாம் வலிக்காமப் போடுவோம்."

அந்தப் பெண் அவருடைய மீசையைப் பார்த்தாள். "நீங்களா சார்?"

"பாப்பாதான். நான் சும்மா கூட வந்தேன்." சும்மா வந்தவர் அதோடு நிற்கவில்லை. "நைட் டூட்டி மாசத்துல எத்தன நாளு? ஹாஸ்டல்ல தண்ணி வருமா? பெரிய டாக்டரு கோவக்காரரா?"

ஓவியா பின்னால் நின்று அவர் சட்டையை இழுத்தாள். "அப்பா, போதும்ப்பா. அங்கன போயி உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தாரா? வாட்ச்மேனிடம் போனார். பத்து நிமிடத்தில் வாட்ச்மேனுடைய மச்சினன் ஊரும் இவருடைய பெரியம்மா ஊரும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துவிட்டு, வேலை பாதி கிடைத்துவிட்ட முகத்தோடு திரும்பி வந்தார்.

நான் அந்த இனத்தைச் சேர்ந்தவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் தம்பி ஆரோக்கிய பிரபுவோடு ராயப்பன்பட்டியிலிருந்து நான் போனதற்குக் காரணம், கோப்பு கனமாக இருந்தது. அவனுக்கு இருபத்து மூன்று வயது, ஐந்தே முக்கால் அடி உயரம், அளவான மீசை. எங்கள் தெருவில் நர்சிங் முடித்த முதல் ஆண்பிள்ளை. நான் பத்தாவதோடு நின்றவள். கம்பத்தில் ஏலக்காய் தரம் பிரிக்கிறேன். எட்டு மில்லிமீட்டர் காயையும் ஏழு மில்லிமீட்டர் காயையும் கண்ணாலேயே பிரித்துவிடுவேன். அப்படிப்பட்ட கண் ஒன்று கூட இருப்பது யாருக்கும் நல்லதுதானே?

தேனிக்கு முன்னால் நான்கு மருத்துவமனைகள் பார்த்துவிட்டோம். ஒரு இடத்தில் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். இன்னொரு இடத்தில் மனமிரங்கி ஒரு வருடம் போதும் என்றார்கள். மூன்றாவது இடத்தில், "ஆறு மாசம் வேற எங்கனயாச்சும் பாத்துட்டு வாங்க" என்று நான்காவது இடத்தைக் கைகாட்டினார்கள். நான்காவது இடத்தில் அதே வாக்கியத்தைச் சொல்லி மூன்றாவது இடத்தைக் கைகாட்டினார்கள். இரண்டுக்கும் நடுவே இருபது கிலோமீட்டர். அந்த இருபது கிலோமீட்டரில் எந்த இடத்தில் இறங்கினால் அனுபவம் கிடைக்கும் என்று கண்டக்டருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பிரபு வேறு வேலை தேடினான். தேனியில் ஒரு பார்சல் ஆபீசில் மூட்டைக்கு நம்பர் ஒட்ட ஆள் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டான். அங்கே அனுபவம் கேட்கவில்லை. "இதுதான் கடைசி இன்டர்வியூக்கா. இதுவும் இல்லேன்னா என்னய விட்டுரு" என்றான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

உத்தமபாளையத்தில் பஸ் மாறியதிலிருந்து அவனுக்குப் பாடம் எடுத்தேன்.

"அனுபவம் இருக்கான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"இல்லம்பேன்."

"ஏலே, அதத்தான் சொல்லக் கூடாது."

"பின்ன?"

"படிக்கையில வார்டுக்குப் போஸ்டிங் போன நாள எல்லாம் கூட்டு. அப்பாவுக்குக் காலுல புண்ணு வந்தப்ப நீதான கட்டுக் கட்டுன, அதச் சேரு. தெருவுல எல்லாருக்கும் பிரஷர் பாக்குறேல்ல, அதையும் சேரு."

"இது இன்டர்வியூக்கா. சர்ச்சுல பண்ற பாவசங்கீர்த்தனமா, ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்ல?"

முன் இருக்கைக்காரர் திரும்பி, "தம்பி, அக்கா சொல்றதக் கேளுப்பா" என்றார். அவரும் யாருக்கோ கூடப் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும்.

நர்சிங் சூப்பிரண்டெண்ட் அறைக் கதவில் 'கூட வந்தவர்கள் வெளியே இருக்கவும்' என்று ஒட்டியிருந்தது. பதினொரு பேரும் வாசித்தோம். அது மற்ற பத்துப் பேருக்காக ஒட்டியது என்று ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டோம். பிரபுவைக் கூப்பிட்டதும், கோப்பை உள்ளே கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்று நானும் போனேன்.

அந்த அம்மாள் நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார். "பேரு?" என்றார்.

"ஆரோக்கிய பிரபு" என்றேன்.

"நீங்க?"

"அக்கா."

"தம்பி பேசுவானா?"

"நல்லாப் பேசுவாம்மா."

"எங்கயாவது வேலை பாத்திருக்கானா?"

பிரபு வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். "அனுபவம் நெறைய இருக்கும்மா. தெனம் பத்துப் பேருக்குப் பிரஷர் பாக்குறான்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"வீட்டுலதான்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நாற்காலி ஒன்றைக் காட்டினார். "அப்பச் சரி. உங்களுக்கே பாக்கட்டும். உக்காருங்க."

இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? உட்கார்ந்தேன், கையை நீட்டினேன். பிரபு பிரஷர் கருவியைத் தொடவில்லை. என் மடியிலிருந்த கோப்பை எடுத்து மேசையில் வைத்தான்.

"கால் மேல கால் போடாதீக. முதுகச் சாச்சு உக்காருங்க" என்றான். வீட்டில் என்னை 'நீ' என்கிறவன். பிறகு அந்த அம்மாளிடம், "அஞ்சு நிமிஷம் அமைதியா இருக்கணும் மேடம். இப்பவே பாத்தா கூடத்தான் காட்டும்" என்றான்.

"எனக்கு நேரமில்லப்பா."

"அப்பத் தப்பாத்தான் மேடம் வரும்."

வேலை கேட்டு வந்த இடத்தில் இப்படியா பேசுவது? நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். பிரபு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேசாதீக. பிரஷர் பாக்கையில பேசக் கூடாது."

ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அந்த அம்மாள் அவனிடம் நேரடியாகக் கேட்டார்.

"ஆஸ்பத்திரி அனுபவம் உண்டா?"

"இல்ல மேடம்."

பஸ்ஸில் முப்பது கிலோமீட்டர் நான் சொல்லிக்கொடுத்தது அந்த இரண்டு சொற்களில் போயிற்று. அவன் கண்ணுக்கு முன்னால் பார்சல் மூட்டைகள் வரிசையாக நிற்பது எனக்குத் தெரிந்தது. நாற்காலியில் நெளிந்தேன்.

"அசையாதீக" என்றான்.

"தெரியாத மருந்து குடுக்கச் சொன்னா என்ன பண்ணுவ?"

"கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுக் குடுப்பேன். தெரியாமக் குடுக்க மாட்டேன்."

"டாக்டர் திட்டுவாரு."

"திட்டட்டும் மேடம்."

நல்ல பதில்தானா, இல்லையா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சொல்லவும் முடியாது. பிறகு பட்டையைச் சுற்றினான், காற்றடித்தான், காதில் குழாயை வைத்துக்கொண்டு கண்ணை மூடாமல் கேட்டான். "நூத்து அம்பதுக்குத் தொண்ணூத்தாறு. பயத்துல இருக்காக. இருந்தாலும் கூடத்தான். இன்னொரு தடவ பாக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தாளில் எழுதி வைத்தான்.

அந்த அம்மாள் அவனை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கக்கா எத்தன வருஷமா இப்பிடி?"

"நான் பொறந்ததுலருந்து மேடம்."

"இங்க ஒரு பேஷண்டுக்கு நாலு பேரு கூட வர்றாங்க. பத்து வருஷம் வேலை பாத்த நர்சுங்களே அந்த நாலு பேரச் சமாளிக்க முடியாம அழுதுட்டு வந்து நிக்கிறாங்க. நீ கோவப்படாம உங்கக்கா வாய அடைச்சிட்ட." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "திங்கக்கிழம காலையில ஏழு மணிக்கு வந்துரு. தனியா."

ஆக, அனுபவம் கேட்டார்கள்; அவனிடம் இருபத்து மூன்று வருட அனுபவம் இருந்தது; அதைக் கொடுத்தது நான். வெளியே வந்ததும் இதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"சரிக்கா. ஆனா ஒனக்குப் பிரஷர் இருக்கு. நாளைக்கு டாக்டரப் பாக்கணும்."

"நீ சொல்லிட்டாப் போதுமா?"

"போதும்."

இப்போது அவன் இரண்டாவது மாடி ஆண்கள் வார்டில் இருக்கிறான். நீங்களும் ஒரு நாள் யாரையாவது அங்கே கூட்டிக்கொண்டு வருவீர்கள். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்பார். படுத்திருப்பவர் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் வயிற்றைத் தொட்டுக் காட்டுவீர்கள். உங்கள் வயிற்றை. அப்போது உயரமான ஒரு பையன், "கொஞ்சம் வெளிய இருங்க" என்பான். கோபப்படாதீர்கள், நன்றாகப் பழக்கப்பட்டவன். வெளியே பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம். ஓரத்தில் டிபன் பாத்திரத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் தப்பாக நினைக்க வேண்டாம். அவள் யாருக்கும் கூட வந்தவள் இல்லை. சும்மா இந்தப் பக்கம் வந்தவள். கொஞ்சம் நகரச் சொல்லுங்கள், இடம் தருவாள்.