நாகம்மாள் வீட்டுச் சர்க்கார் தண்ணீர்

வெள்ளத்தை அணை கட்டி அடக்கிய ராஜாக்கள் எத்தனையோ பேர். ஆனால் அதே வெள்ளத்தை ஓர் ஏழையின் வீட்டுக்குள் உட்காரவைத்து, பத்து நாள் பத்திரமாகக் காப்பாற்றிய பெருமை கர்ணம் வீரராகவன் ஒருவருக்கே உண்டு.

அது யுத்த காலம். ஆவடிக்கு மேற்கே ஒரு கிராமம். ஐப்பசி மழையில் ஏரி உடைந்து, கூலிக்காரி நாகம்மாள் வீட்டில் முழங்கால் தண்ணீர் புகுந்தது. விடிவதற்குள் வடிந்து ஒரு சாணுக்குச் சற்று மேலாயிற்று. மண்சுவர் மட்டும் அசையாமல் நின்றது. அவளும் புருஷனும் போன கோடையில் மிதித்துக் குழைத்து எழுப்பிய சுவர் அல்லவா! இன்றைக்கே இறைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். சட்டியை எடுத்தாள்.

"கீழே வை!"

வாசலில் ஊர்க் கணக்கெழுதும் கர்ணம், கையில் அளவுகோலோடு.

"இது ‘வெள்ளச் சேதம்’. டிப்டி தாசில்தார் வந்து பார்வையிடற வரைக்கும் யாரும் கலைக்கப்படாது."

"எறைக்கலன்னா செவுரு ஊறிப்பூடும் சாமி!"

"ஊறட்டுமே. சேதம் இன்னும் எடுப்பாத் தெரியும்! நீ தண்ணியை இறைச்சா, சர்க்கார் குடுக்கிற மூங்கில் கிடையாது, ஓலை கிடையாது. லிஸ்டுலேர்ந்து பேரை அடிச்சுடுவேன்."

நாகம்மாள் பிய்ந்து கிடந்த கூரையை அண்ணாந்து பார்த்தாள். சட்டியைக் கீழே வைத்தாள். வீரராகவன் ஆழத்தை அளந்து, ‘ஒரு சாண் நாலு விரல்’ என்று எழுதிக்கொண்டு போனார்.

சர்க்கார் எழுத்து நிலையானது. தண்ணீருக்குத்தான் அந்த ஒழுக்கம் இல்லை. மூன்றாம் நாள் வந்து அளந்த கர்ணத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அட அக்கிரமமே! ரெண்டு விரல் குறையுதே! நான் எழுதினது பொய்யாகணுமா? கெணத்துலேர்ந்து மொண்டு ஊத்து!"

"இன்னா சாமி இது! என் ஊட்டுக்கு நானே வெள்ளம் உடணுமா?"

"ராஜாங்க காரியம். ஊத்து!"

தலையெழுத்தே என்று ஊற்றினாள். காலையில் நாலு குடம், மாலையில் நாலு குடம். பத்தாம் நாள் உச்சிப்பொழுதில், குடமும் கையுமாக நின்றவளின் கண் முன்னாலேயே மேற்குச் சுவர் தொப்பென்று உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா டிப்டி தாசில்தாரின் வண்டி வந்து நிற்கவேண்டும்!

டிப்டி குடத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"இது கெணத்துத் தண்ணியாச்சே! யார் ஊத்தச் சொன்னது?"

நாகம்மாள் கர்ணத்தைப் பார்த்தாள். கர்ணம் வானத்தைப் பார்த்தார்.

டிப்டி சொல்லச் சொல்ல, வீரராகவன் முத்து முத்தாக எழுதினார்: ‘வெள்ளத்தால் சேதம் யாதொன்றுமில்லை. வீட்டுக்காரி தானே நீர் ஊற்றிச் சுவரை வீழ்த்திக்கொண்டாள். மூங்கில், ஓலை அவசியமில்லை.’

"கைநாட்டு வை," என்றார் டிப்டி.

"வெக்கிறேன் சாமி. அதுக்கு மின்னே இன்னொண்ணும் எய்திக்கோங்க," என்றாள் நாகம்மாள். "வெள்ளம் வந்தன்னிக்கி என் செவுரு நின்னுகினுதான் இருந்திச்சி. சர்க்காரு வந்த பெறவுதான் வுயுந்திச்சி."