மேனேஜருக்கு வந்த கண்டம்

அந்தத் தெருவில் மீன் செத்தால் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள்.

கடைத்தெருக் கோடியில் ஒரு கடை. தண்ணீர் வடிகட்டி விற்ற காலத்தில் ஈ காக்கை எட்டிப்பார்க்காத அதே கடையில், இப்போது காலை ஆறு மணிக்கே வரிசை வளைந்து நின்றது. ஆளும் அதே ஆள்தான். பட்டம்தான் புதிது: ஜாடி ஐயா.

அவர் விற்றது இரண்டு கைகளுக்குள் அடங்கும் ஒரு கண்ணாடி ஜாடி. அடியில் வெள்ளைக் கூழாங்கல், நடுவில் வேரில்லாத இரண்டு செடித் தண்டுகள், உள்ளே விரல் நகம் அளவு மீன் ஒன்று. உங்களுக்கு வரவிருக்கும் நோயோ விபத்தோ எதுவானாலும், அந்தக் கண்டத்தை மீன் தன்மேல் வாங்கிக்கொண்டு செத்துப்போகும். நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள். இதற்கு மீன் சம்மதித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

ஜாடிக்கு நியமங்கள் உண்டு. வீட்டில் எத்தனை பேரோ, வேளைக்கு அத்தனை சிட்டிகை தீனி போட வேண்டும். நான்காம் நாள் தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல்லின் மேல் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, கண்ணாடி கீச்சிடும்வரை தேய்த்து, குழாயில் நேராகப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். தங்கள் சமையலறையைக்கூட அப்படித் துலக்காதவர்கள் ஜாடியைத் துலக்கினார்கள். மீன் ஒரு வாரத்துக்குள் தவறாமல் மிதந்தது. அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்தால், ஜாடி ஐயா வெள்ளைத் தட்டில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்து, எந்தக் கண்டம் கழிந்தது என்று சொல்வார். அடுத்த கண்டத்துக்கு அடுத்த ஜாடி.

தையற்காரர் வீட்டில் இதுவரை இரண்டு மீன்கள் செத்திருந்தன. அவருக்குப் பித்தப்பையில் கல். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லித்தான் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். முதல் மீன் செத்ததும் அந்த நாள் போயிற்று. இரண்டாவது மீனோடு இரண்டாவது நாளும் போயிற்று. வலி மட்டும் போகவில்லை. தையல் மெஷின் முன்னால் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு பாதித் தையலில் அப்படியே குனிந்துவிடுவார்.

"அதான் மீனே வாங்கிக்கிச்சே, அப்புறம் கத்தி எதுக்கு?" என்பாள் அவர் மனைவி.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவள் தையற்காரரின் தங்கை. குடிநீர் ஆய்வகத்தில் வேலை. ஊரார் குழாய்த் தண்ணீரைச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் மாறும்வரை வாய் திறக்காமல் காத்திருப்பதுதான் உத்தியோகம். காத்திருந்து காத்திருந்து அதுவே குணமாகிவிட்டது.

இரண்டாவது மீன் செத்த அன்று ஜாடித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப்போய்ச் சோதித்தாள். சொட்டு விழுந்ததும் கரும்பச்சை. அம்மோனியா. அந்த நிறத்தை அவள் சாக்கடை உடைந்து கலந்த தண்ணீரில்தான் பார்த்திருக்கிறாள். வந்து அண்ணனிடம் காட்டினாள்.

அண்ணன் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கண்டம் கரைஞ்ச தண்ணி. பின்ன பன்னீர் மாதிரியா இருக்கும்?"

அவள் குப்பியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். நிறம் மாறும் பொருள் உலகத்தில் நிறைய உண்டு. அண்ணன் அந்த வகை இல்லை என்று தெரிந்துபோயிற்று.

மூன்றாவது ஜாடி வாங்கிவர அண்ணி அவளை அனுப்பினாள். வரிசை நகராத ஒரு மணி நேரத்தில் அவள் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: ஜாடி ஐயாவின் மேசையில் இருந்த அவருடைய சொந்த ஜாடி. அடியில் கறுப்பு மண், மேலே மெல்லிய மணல். வேர்விட்டுப் புதராய் நிறைந்த செடிகள், கல்லில் பாசி, கண்ணாடியில் ஊரும் நத்தை. நடுவே மூன்று மீன்கள், கவலையே இல்லாமல். இரண்டு வருஷமாக அதே மீன்கள் என்று வரிசையில் ஒருவர் பக்தியோடு சொன்னார். ஜாடி ஐயா ஒரு சிறு குவளைத் தண்ணீரை அதிலிருந்து மொண்டார். பழைய வாளியில் ஆறவைத்திருந்த தண்ணீரில் ஒரு குவளை திருப்பி ஊற்றினார். பாசியைத் தொடவில்லை. கடுகளவு தீனி போட்டுவிட்டு மூடிவிட்டார்.

தன் முறை வந்ததும் அவள் ஜாடியை அண்ணன் பேரில் எழுதவில்லை. "பேரு மேனேஜர். வயசு இருபத்திரண்டு" என்றாள்.

மேனேஜர் என்பது தையல் கடைப் பொம்மை. துணி சுற்றிய உடம்பு, கீழே ஓர் இரும்புக் கம்பி. நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் விறைப்பாக நிற்பதால் அண்ணன் வைத்த பட்டம் அது. வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று.

ஜாடியைப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் அண்ணனைப் பார்த்தாள். "இது மேனேஜர் பேருல வாங்கினது. நியமப்படி நீயே பாத்துக்க. மீன் பிழைச்சா ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்க மாட்டேன். செத்தா, நீ என்கூட வரணும்."

அண்ணனுக்கு விலாவலியிலும் சிரிப்பு வந்தது. "பொம்மைக்கு என்ன கண்டம் வரப்போகுது? இந்த மீன் உனக்கும் எனக்கும் அப்புறமும் இருக்கும்."

அவரே வேளை தவறாமல் சிட்டிகை போட்டார். நான்காம் நாள் அவரே தேய்த்துக் கழுவினார். ஐந்தாம் நாள் காலை மீன் மல்லாந்து மிதந்தது. தையற்காரர் ஜாடியைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், வெகுநேரம் மெஷினை மிதிக்கவில்லை. அப்போதும் ஒரு சந்தேகம். ஐயா வாயால் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிடலாம் என்றார். பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு, விலாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, அவரே கிளம்பினார். அண்ணியும் பின்னால் வந்தாள்.

கடைக்குள் தங்கை மட்டும் முதலில் போனாள். தட்டில் மீன். ஜாடி ஐயா பூதக்கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோய் உச்சுக்கொட்டினார்.

"மேனேஜர்னு எழுதியிருக்கு. ராத்திரி பகலா யோசிக்கிற ஆளு. தலையில ரத்தக்கட்டு வந்திருக்கணும்மா, தப்பிச்சாரு. வலது முழங்கால்லயும் நீர் கோத்திருக்குமே?"

"எனக்குத் தெரியலைங்கய்யா. ஆளையே கூட்டிட்டு வந்திருக்கோம். நீங்களே பாருங்க."

தையற்காரர் உள்ளே வந்து மேனேஜரை மேசை முன்னால் நிறுத்தினார். கழுத்துக்கு மேலே ஒரு மரக் குமிழ். இடுப்புக்குக் கீழே கம்பி. வரிசையில் எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள்.

"முழங்கால் எங்கய்யா?" என்று யாரோ கேட்டார். சிரிப்பு கடையைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று.

ஜாடி ஐயா அசரவில்லை. பொம்மை பேரில் வாங்கியதால் மீன் குழம்பிவிட்டது, பக்கத்தில் இருந்த தையற்காரரின் கண்டத்தை எடுத்துக்கொண்டது என்றார். நம்பினால் நம்புங்கள், பாதிப் பேர் தலையாட்டினார்கள். அண்ணியும் ஆட்டினாள். தையற்காரரின் தலைகூட ஆடலாமா என்று யோசித்தது.

தங்கை வாளியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஐயா, உங்க ஜாடியில ஒரே பாசியா இருக்கு. நியமப்படி ஒரு தடவை கழுவித் தரேன். அங்க கெட்டில்ல தண்ணி கொதிக்குது. குழாயும் பக்கத்துலயே இருக்கு."

அவள் ஜாடியின்மேல் கை வைத்தாள். அவ்வளவுதான். ஜாடி ஐயா எழுந்து இரண்டு கைகளாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வேணாம்மா, செத்துடும்."

அவள் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கம். வரிசையில் ஒவ்வொரு முகமாக நிறம் மாறிக்கொண்டு வந்தது.

முதலில் வாய் திறந்தது அண்ணி. "அப்ப எங்க மீனெல்லாம்... நாங்க கழுவிக் கழுவியே சாகடிச்சோமா?"

தங்கை சொன்னாள். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணீரில் விஷமாகும். அந்த விஷத்தைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மண்ணிலும் கல்லிலும் குடியேற ஒரு மாதமாவது ஆகும். நாலு நாளைக்கு ஒருமுறை அவற்றின் தலையில் கொதிநீர் ஊற்றினால், மிச்சத்தை விஷம் பார்த்துக்கொள்ளும். அவள் வாழ்நாளில் அதுவே நீளமான பேச்சு.

காகிதத்தில் மடித்துவந்த மீன்களை ஒவ்வொருவராக மேசைமேல் போட்டார்கள். அவற்றை எண்ண ஜாடி ஐயா அங்கே இருக்கவில்லை. பின்கதவு வழியாக, ஜாடியோடு, தண்ணீர் சிந்தாமல் போய்விட்டார். அந்த மீன்கள் மேல் அவருக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தது.

தையற்காரர் அங்கேயே நின்றபடி, "நாளைக்கே நாள் கேளு" என்றார். இரண்டு நாளில் கல்லோடு பித்தப்பையையே எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பை உடைந்திருக்கும் என்று டாக்டர் திட்டினார்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று தங்கை பழைய ஜாடியில் மண் பரப்பி, மணல் தூவி, செடி நட்டு, ஆறவைத்த தண்ணீர் ஊற்றி வைத்தாள். மீன் விடவில்லை. ஐந்தாவது வாரம், குப்பியில் சொட்டு விழுந்தும் தண்ணீர் பச்சையாகாத அன்று, இரண்டு மீன்கள் விட்டாள். தையல் கடையில் மேனேஜருக்குப் பக்கத்தில் அவை இன்னும் நீந்திக்கொண்டிருக்கின்றன. யாருடைய கண்டத்தையும் வாங்குவதாக இல்லை.

துணி தைக்க வருகிறவர்கள் பொம்மையைக் காட்டி, "இவருதானா அந்த மேனேஜர்?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் தலை இல்லாமல் வந்தவர் மேனேஜர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தார்கள், ஆட்டுவதற்காக.