பன்னிரண்டு தம்ளர்களும் ஒரு சொற்பொழிவும்

நல்லது செய்தே தீருவேன் என்று கிளம்புகிற ஆளைத் தூரத்தில் பார்த்தாலே நான் இன்றைக்கும் அடுத்த தெருவுக்குள் நுழைந்துவிடுவேன். அந்த மாதிரி ஆசாமி எவ்வளவு ஆபத்தானவன் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் அவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் சைக்கிளில் ஏறி, பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் வரைபடங்களைக் காப்பாற்றி வைப்பது எங்கள் பணி. (கரையானிடமிருந்து. பெரும்பாலும் கரையானே ஜெயித்தது.) ஆபீசரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். யார் எந்த ஊரில் பிறந்தார், என்ன படித்தார், எத்தனை நாள் லீவு போட்டார் என்று எல்லாருடைய பணிப்பதிவேடும் என் பீரோவுக்குள் இருக்கும். சாவி என் அரைஞாணில் இருக்கும். எனக்கு வயது இருபத்தாறு. டவுணில் சைவக் குடும்பத்துப் பிள்ளை. நீ எந்தத் தம்ளரில் குடிக்கிறாய் என்று யாரும் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. அதனாலேயே அந்த விஷயத்தில் நான் பெரிய நிபுணன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மதுரையில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். பணியிடத்தில் எல்லாரும் சமமாக உணரச் செய்வது எப்படி என்பது தலைப்பு. ஒவ்வோர் அலுவலகத்திலிருந்தும் ஓர் ஆளை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் இல்லாவிட்டாலும் வேலை கெடாத ஆள் யார் என்று ஆபீசர் யோசித்தார். அதிக நேரம் யோசிக்கவில்லை. நான் போனேன்.

அங்கே ஒருவர் கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டார். உள்ளே பத்துப் பதினைந்து புள்ளிகள் வைத்தார். வெளியே ஒரே ஒரு புள்ளி வைத்தார். "இந்தப் புள்ளியை உள்ளே கொண்டுவர வேண்டும். அதுதான் உங்கள் கடமை" என்றார். நான் அதைச் சிவப்பு மையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு இருந்த ஒரே கவலை, எங்கள் அலுவலகத்தில் புள்ளிக்கு எங்கே போவது என்பதுதான்.

புள்ளி தானாக வந்து சேர்ந்தது. பெயர் ராஜசேகரன். பன்னிரண்டில் காலியாகக் கிடந்த ஓர் இடத்துக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து மாறுதலில் வந்த படவரைவாளர். நாற்பது வயதிருக்கும். அவர் கோடு போட்டால் வாய்க்கால் காகிதத்திலேயே ஓடுவது போல இருக்கும். அதிகம் பேசமாட்டார். நம் ஊர்க்காரர்கள் விடுவார்களா? தலைமை எழுத்தர் சங்கரலிங்கம் அண்ணாச்சி முதல் நாளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாருக்கு வேலூர்ல எங்கன? இங்கன சொந்தக்காரங்க யாரும் உண்டுமா?"

"யாரும் இல்ல சார். பொண்ணு நல்லா படிக்கிறா. இங்க ஸ்கூல் நல்லா இருக்கும்னு சொன்னாங்க. அதான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

அதற்குமேல் அண்ணாச்சியால் எதையும் தோண்ட முடியவில்லை. தன்மையான மனுஷன் என்று மட்டும் பிடித்துப்போயிற்று. தன் மச்சான் வீட்டு மாடியையே வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார். வீட்டில் கவிச்சி சமைக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. அங்கிருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். மகள் பத்தாம் வகுப்பு. "அவ பத்தாவது முடிக்கிற வரைக்கும் இந்த வீடு நெலைச்சா போதும் சார்" என்று ராஜசேகரன் என்னிடமே ஒரு நாள் சொன்னார். வீட்டில் முட்டை வாசம்கூட வராமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அந்தப் பேச்சில் இருந்த பயம் என் காதுக்குள் போகவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து அவருடைய பணிப்பதிவேடு தபாலில் வந்தது. பிரித்தேன். சாதி எழுதும் இடத்தில் பார்வை நின்றது. உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. ராஜசேகரன் எங்கள் பொதுப் பானையில் தண்ணீர் மொண்டதே இல்லை. வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவார். தனியாக ஒரு தம்ளர் வைத்திருந்தார். குடித்துவிட்டுத் தானே கழுவி, துடைத்து, மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டுவார். அடப் பாவிகளா! நான்கு வருஷமாக நான் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தில் தனித் தம்ளரா? என் ரத்தம் கொதித்தது. (இருபத்தாறு வயதில் ரத்தம் கொதிக்கப் பெரிய அடுப்பெல்லாம் தேவையில்லை.)

யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டேனா என்றால், இல்லை. நேரே டவுண் ரத வீதியில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். ஒரே அச்சில் பன்னிரண்டு எவர்சில்வர் தம்ளர் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் வெட்டச் சொன்னேன். நம் வீடுகளில் பாத்திரம் என்றால் பெயர் வெட்டாமல் வாசல்படி தாண்டாதே. பெயருக்குக் கீழே 'நாம் ஒன்று' என்றும் வெட்டச் சொன்னேன். பெயர் வெட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கல்யாணமா அண்ணாச்சி?"

"புரட்சி" என்றேன். ஐயோ, அப்படியேதான் சொன்னேன்.

நாளும் குறித்தேன், ஆயுத பூஜை. அன்றைக்குத்தான் பன்னிரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பார்கள். தட்டச்சு இயந்திரத்துக்குச் சந்தனம், பீரோவுக்குக் குங்குமம், எல்லார் கையிலும் பொரிகடலை. ராஜசேகரன் தன் வரைகருவிப் பெட்டியைத் துடைத்துச் சாமி முன்னால் வைத்திருந்தார். பூஜை முடிந்ததும் நான் தொண்டையைக் கனைத்தேன்.

"ஏம்வே நாயகம், என்னவே மூட்டை அது? பாத்திர யாவாரமும் பாக்குதீரா?" என்றார் அண்ணாச்சி. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு நான் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

பேசினேன். கால் மணி நேரம் பேசினேன். வட்டம், புள்ளி எல்லாம் வந்தது. நம்மில் ஒருவர் தனித் தம்ளரில் குடிக்க நேர்ந்த கொடுமையைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது. பிறகு அவருடைய சாதியின் பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் பெயரையும் சொன்னேன். "நண்பர் ராஜசேகரன் அவர்களே, முன்னே வாருங்கள். நம் பொதுப் பானையிலிருந்து முதல் தம்ளரை நீங்கள்தான் குடிக்க வேண்டும்!"

அவர் வந்தார். வராமல் எப்படி இருப்பார்? பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெயர் வெட்டிய தம்ளரை நான் பெருமையோடு பானைக்குள் விட்டேன். டங்கென்று சத்தம் கேட்டது. விழாவுக்காகக் காலையில் நானே பானையைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து நிமிர்த்தியிருந்தேன். தண்ணீர் ஊற்ற மறந்துபோயிருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் அசட்டுச் சிரிப்போடு அந்தக் காலித் தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி வாயில் போட்ட பொரியை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். கடைசியில் தட்டச்சர் ஜெயமணி அக்கா எழுந்தார். பாளையங்கோட்டைக்காரர், வேதக்கோயில் என்று நாங்கள் சொல்லும் சர்ச்சின் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். தன் சொந்த பாட்டிலைத் திறந்து அந்தத் தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். "குடிங்க சார்" என்றார். என் பக்கம் திரும்பி, "நாயகம், போதும். உக்காரு" என்றார். ராஜசேகரன் குடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நன்றியில் கலங்குகிறது என்று நினைத்து நான் கைதட்டினேன். தனியாகத் தட்டினேன்.

சாயங்காலம் அவர் தன் மேஜையில் பென்சில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பாராட்டு வாங்கப் போகிறவனைப் போல நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், இந்த ஆபீஸ்ல யாரும் என்னைத் தள்ளி வைக்கல சார்" என்றார். "யாருக்கும் தெரியவே தெரியாது. நான்தான் பானையைத் தொடல. என்னைக்காவது ஒரு நாள் தெரிஞ்சுபோச்சுன்னா, எங்க பானையில கை விட்டான், எங்களை ஏமாத்திட்டான்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது பாருங்க. அதுக்குத்தான் என் தம்ளரை நானே தனியா வச்சுகிட்டேன்."

கடைசிப் பென்சிலையும் அடுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பத்து நாள்கூட ஆகவில்லை. மாடிக்கு வெள்ளையடிக்க வேண்டும், காலி பண்ணிக் கொடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு சத்தம் இல்லை. மிக மரியாதையாகச் சொன்னாராம். நான் அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"நான் ஒண்ணும் சொல்லலவே. மச்சான் வீட்டு விசயம். நான் எப்படி அதுல தலையிடுகது?" என்றார். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. பிறகு பைய, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "நீரு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா, எனக்கும் தெரியாம, மச்சானுக்கும் தெரியாம, அந்தப் பிள்ள பாட்டுக்குப் படிச்சிருக்கும்லா?"

அண்ணாச்சி அப்படிச் சொன்னதில் இருந்த அநியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தால் வீடு இல்லை என்று ஆக்கி வைத்தது நானல்ல. ஆனால் தெரிய வைத்தது நான்தான். சாதிக் கலவரங்கள் நடந்த அந்த வருஷங்களில் எங்கள் மாவட்டத்தில் ஒருவரை ஒருவர் என்ன ஆள் என்று எடைபோட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தோம். அதை மறந்துபோன ஒரே ஆள் நான். ராஜசேகரனும் நானும் என் சைக்கிளில் ஒரு மாதம் வீடு தேடினோம். (அவர் மிதித்தார். எனக்கு அவரை வைத்து மிதிக்கத் தெம்பில்லை.) எங்கள் தலையைக் கண்டதும் எல்லா வீட்டுக்கும் அப்போதுதான் வேறு ஆள் முன்பணம் கொடுத்திருந்தார்.

அவர் மாறுதலுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த மனுவை மேலே அனுப்புகிற வேலையும் என் பிரிவுதான். என் கையாலேயே முத்திரை குத்தினேன். பத்தாம் வகுப்பு நடுவில் மகளைப் பள்ளி மாற்ற முடியாது. ஜெயமணி அக்கா ஒரு நாள் மதியம் அவர் மேஜைக்குப் போய், "பிள்ளை பரீட்சை முடியிற வரைக்கும் எங்க வீட்டுல இருக்கட்டுமா சார்? அவளுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். இரண்டு வரி. அவர் எந்தப் பயிற்சிக்கும் போனவரில்லை.

ஜங்ஷனில் அவரையும் அவர் மனைவியையும் ரயிலேற்றப் போனேன். மகள் ஜெயமணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரயில் நகர்ந்ததும் அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். அந்தப் பிள்ளை ஐந்து மாதம் அம்மா இல்லாமல் படித்துத் தேறினாள். அதற்குள் வழியில் என்னைப் பார்த்தபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ராஜசேகரனுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவர் போன பிறகு பார்த்தேன். அவருக்கு நான் கொடுத்த தம்ளர் மேஜைமேல் கழுவித் துடைத்துக் கவிழ்த்திருந்தது. மற்றப் பதினொன்றையும் யாரும் தொட்டிருக்கவில்லை. "அதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோயிரும்" என்றார் ஆபீசர்.

கொண்டுபோனேன். கல்யாணமாகி வந்த என் மனைவி, அடுக்களையில் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "மாமனார் பேரு இல்ல, மாமியார் பேரு இல்ல. யாரு இவ்வளவு பேரும்?" என்று கேட்டாள். சொன்னேன். அழுதுவிட்டு, பிறகு அந்தக் காலிப் பானையை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளி சங்கரலிங்கத்தில் மோர் குடிக்கலாம், ஜெயமணியில் காப்பி குடிக்கலாம். பணிநிறைவு விழாவோ கல்யாண வீடோ, நான் மைக்கைப் பிடித்தால் முன்வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் வரும்: "பானையில தண்ணி இருக்கா பாத்துக்கிடுங்க!" சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இது மனப்பாடம். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

ராஜசேகரனின் தம்ளரை மட்டும் நான் புழங்க விட்டதில்லை. மேல்தட்டில் தனியாக வைத்திருந்தேன். அவருக்குச் செய்கிற மரியாதை என்று நினைப்பு. போன கோடையில் கல்லூரி விடுமுறைக்கு வந்த மகள் வெயிலோடு உள்ளே நுழைந்து, கைக்கு எட்டிய அந்தத் தம்ளரை எடுத்தாள்.

"அது வேண்டாம். வேற எடு" என்று கத்தினேன்.

"ஏன்ப்பா? இந்தத் தம்ளர மட்டும் ஏன் தனியா வச்சிருக்கீங்க?"

என் மனைவி அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். பிறகு தம்ளரைப் பானைக்குள் விட்டு மொண்டாள்.

"தண்ணி இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, மடமடவென்று குடித்து, கழுவி, மற்றப் பதினொன்றோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தாள்.