என் நாவு திறந்த விவரம்

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான சித்திக்கு, உங்கள் அக்காள் மகன் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது.

நான் சுகம். நீங்களும் சித்தப்பாவும் சித்தப்பாவின் முழங்காலும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். சில நாள் முழங்காலை மறந்துவிடுகிறேன். மன்னிக்கவும்.

முதலில் ஒரு விண்ணப்பம். வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கியத்தில் என் நாவு திறக்க வேண்டும் என்று நடந்துவரும் ஜெபத்தை இத்துடன் நிறுத்திவிடச் சொல்லுங்கள். பதில் வந்துவிட்டது. திறந்துவிட்டது. திறந்த விதம்தான் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும்படியாக இல்லை. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் என்றால் நீங்கள் பாதியிலேயே அல்லேலூயா சொல்லிவிடுவீர்கள்.

நான் கிளம்பிய அன்று வாசலில் நின்று, "கழுதையையே பேச வச்ச ஆண்டவர் உன்னைப் பேச வைக்க மாட்டாராடா?" என்றீர்கள். அன்போடுதான் சொன்னீர்கள். வழியெல்லாம் வேதாகமத்தில் வரும் அந்தக் கழுதையைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். அது ஒரே ஒரு தடவைதான் பேசியது. அதற்குப் பிறகு அதை யாரும் மிஷனரியாக அனுப்பவில்லை. அதன் படத்தைப் போட்டு நாட்காட்டி அச்சடித்து சபையில் வீட்டுக்கு வீடு மாட்டவும் இல்லை. என் விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள் சித்தி.

இந்த மிஷனரிப் பயிற்சி இல்லம் நான்கு மாடிக் கட்டிடம் ஒன்றின் மேல் மாடியில் இருக்கிறது. கீழே பல் டாக்டர். மத்தியானம் வரை எங்களுக்கு மௌனம். ஜெபம், தியானம், பாத்திரம் கழுவுவது, படிக்கட்டு பெருக்குவது, எல்லாம் பேச்சில்லாமல். யாராவது ஏதாவது கேட்டால் வலது கையை நெஞ்சின் மேல் வைக்க வேண்டும். மௌனத்தில் இருக்கிறேன் என்று பொருள். மத்தியானத்துக்கு மேல் தெருவுக்குப் போக வேண்டும். முகம் தெரியாத ஒருவரோடு பேச வேண்டும். பிரசங்கம் செய்யக் கூடாது. பேச்சுக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, அவராகக் கேட்டால் மட்டும் நம் விசுவாசத்தைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் இயக்குநர் அக்கா ஒவ்வொருவராகக் கேட்பார்: "இன்னைக்கு யார்கிட்ட பேசின?" காலையில் உள்ளே, மாலையில் வெளியே. மூச்சு மாதிரி என்பார் அக்கா. இழுத்த மூச்சை விடாமல் வைத்திருந்தால் முகம் நீலமாகிவிடுமாம்.

எனக்கு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

மௌனத்தில் நான்தான் முதல். சொல்லிக்கொள்வதில் பெருமை இல்லை. மீனை நீந்தச் சொன்ன மாதிரிதான் அது. தெருவில்தான் தரையில் கிடந்தேன். ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் ஒருவரிடம் மணி கேட்டேன். சொன்னார். திரும்பி வந்துவிட்டேன். என் அறையில் இருப்பவன் எனக்கு நேர் எதிர். நாங்கள் அவனை ரேடியோ என்போம். முன்பு காப்பீடு விற்றவன். மௌன வேளையில் அவன் முகம் அடைத்து வைத்த பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும். தூக்கத்திலும் யாருக்கோ சாட்சி சொல்வான். வருடக் கடைசியில் குழு கூடி, யாரை ஊழியத்துக்கு அனுப்புவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும். எனக்கு வீடு என்று நானே எழுதி வைத்துவிட்டேன். பயமெல்லாம் என் படம் போட்ட அந்த நாட்காட்டியை நினைத்துத்தான்.

அப்போதுதான் லிஃப்ட்.

காலையில் குப்பைப் பைகளைக் கீழே கொண்டுபோவது என் வேலை. அன்றைக்கு லிஃப்டுக்குள் அதைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக் நின்றிருந்தார். ஓட்டிப் பார்க்கிறாராம். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது.

"ரிப்பேர் பண்ண வந்தவனையே பிடிச்சு வச்சிருச்சு பாரு" என்று சிரித்தார். "பயமா இருக்கா தம்பி?"

நெஞ்சில் கை வைத்தேன்.

"நெஞ்சு வலிக்குதா?"

தலையை ஆட்டினேன். இல்லை என்று.

"அப்ப? பேச வராதா?"

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சைகை. மறுபடியும் நெஞ்சில் கை வைத்தேன்.

"சரி, சரி. கஷ்டப்படாதே" என்றார். குரல் தணிந்துவிட்டது. கருவிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, என்னிடம் என்று கூடச் சொல்ல முடியாது, குப்பைப் பைகளிடம் சொல்வது மாதிரி ஆரம்பித்தார்.

"என் வீட்லயும் இப்படித்தான். அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன். உயிரைக் காப்பாத்திட்டாங்க, குரல் போச்சு. முன்னெல்லாம் நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள அவ பத்து சொல்லுவா. இப்ப நான் சொன்னா பதில் வராது. செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்குன்னு நானும் விட்டுட்டேன். இப்ப வீட்ல ரெண்டு ஊமை. அதுல ஒண்ணு திருட்டு ஊமை."

கூட வேலை பார்ப்பவர் மேலே போய், இயந்திரத்தைக் கையால் சுற்றி எங்களை இறக்கும் வரை பேசினார். வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினார். "பதில் சொல்லாதவங்ககிட்டயும் பேசலாம் போல. இவ்வளவு நாளா தெரியல."

அதற்குப் பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்? நீங்களே சொல்லுங்கள்.

அது பழைய லிஃப்ட் சித்தி, ஒரு சாமானை மாற்றினால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும், அதனால் அவர் தினமும் வந்தார், வந்தால் நான் படிக்கட்டு பெருக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்து முந்தின நாள் வீட்டில் என்ன பேசினார் என்று சொல்வார், முதல் நாள் வெயில் அதிகம் என்று மட்டும் சொன்னாராம், அந்தம்மா திரும்பிப் பார்த்தாராம், மறுநாள் என்னைப் பற்றிச் சொன்னாராம், இதெல்லாம் நல்லதுதான், ஆனால் மத்தியானம் மௌனம் முடிந்து நான் இறங்கி வரும்போதும் அவர் அங்கேயே இருப்பார், "இவர் நம்ம சிநேகிதர், பாவம், பேச வராது" என்று பல் டாக்டரின் வரவேற்பறைப் பெண்ணிடம் சொல்லிவிட்டார், அந்தப் பெண் காவலாளியிடம் சொல்லிவிட்டது, காவலாளி தெருமுனைச் செய்தித்தாள் கடையில் சொல்லிவிட்டார், ஆக எந்தத் தெருவில் நான் பேசியே ஆக வேண்டுமோ அந்தத் தெரு முழுக்க நான் ஊமை, எல்லாரும் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைக்கிறார்கள், இது போதாதென்று பல் டாக்டர் மனம் இரங்கி என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் சாய்த்து விளக்கைப் போட்டு நாக்கைப் பஞ்சால் பிடித்து இழுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "நாக்குல ஒரு குறையும் இல்லையே" என்றார்.

எனக்கே அது புதுச் செய்தி. நீங்கள் இத்தனை வெள்ளிக்கிழமை ஜெபித்தது வேறு எதற்கோ என்று அப்போது புரிந்தது.

ரேடியோவிடம் மட்டும் சொன்னேன். அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"டேய், இது பெரிய வாய்ப்புடா. நான் வாசல்ல வச்சு உன் தலை மேல கை வச்சு ஜெபம் பண்றேன். நீ எல்லார் முன்னாடியும் பேசிடு. தெருவே மனந்திரும்பிடும்."

"அது பொய்டா."

"இப்ப நீ பண்றது மட்டும் என்னவாம்?"

அவன் வேடிக்கைக்குச் சொன்னான் என்று நம்ப முயல்கிறேன். கேள்வி மட்டும் வேடிக்கையாக இல்லை. சாயங்காலம் அக்கா கேட்கும்போது, "யாரிடமும் பேசவில்லை" என்பேன். அது உண்மை. உண்மையைச் சொல்லிவிட்டுப் பொய்யனாக உட்கார்ந்திருப்பது ஒரு தனி அனுபவம். காலை ஜெபத்தில் உட்கார்ந்தால் ஆண்டவர் முகம் வரவில்லை. மெக்கானிக் அண்ணன் முகம்தான் வந்தது. சொன்னால் அவர் வீட்டில் மறுபடியும் பேச்சு நின்றுவிடும். சொல்லாவிட்டால் என் ஜெபம் நின்றுவிடும். நின்றேவிட்டது.

போன வாரம் ஒரு பிற்பகல். படியிறங்கி வருகிறேன். லிஃப்ட் தரைத்தளத்தில் கதவு திறந்து நிற்கிறது. உள்ளே கருவிப் பெட்டியின் மேல் ஓர் அம்மாள். கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் அண்ணன்.

"நம்ம வீட்ல" என்று அறிமுகம் செய்தார். "உன்னைப் பாத்தே ஆகணும்னு வந்திருக்கா."

அந்த அம்மாள் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

தெருவே எனக்கு அதைச் செய்தது, தாங்கிக்கொண்டேன். உண்மையாகவே குரல் போனவர் ஒருவர் செய்தபோது முடியவில்லை. என் கை பாதி வரை எழுந்தது. அப்படியே நின்றது. ஒரு வருடம் நான் பயந்த அந்த முதல் வார்த்தை வந்தேவிட்டது.

"மன்னிச்சிடுங்க அம்மா. எனக்குப் பேச வரும்."

அந்த அம்மாளின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாத சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்ணனின் தோளில் ஓர் அடி போட்டார், பந்தயத்தில் தோற்றவர் மாதிரி.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றார் அண்ணன்.

"எப்படி?"

"படிக்கட்டுல நின்னு போன்ல பேசினியே, சித்தி சித்தின்னு. நான் கீழே குழிக்குள்ள வேலையா இருந்தேன். லிஃப்ட் குழி ஒரு பெரிய காது. யாரைப் பாத்தாலும் பயமா இருக்கு, ஒரு வார்த்தை வர மாட்டேங்குதுன்னு நீ புலம்பினது எல்லாம் கேட்டுது."

அது நீங்கள் செய்த போன் சித்தி. பத்து நிமிடம் நீங்களே பேசிவிட்டுக் கடைசியில் என்னைப் பேச விட்டீர்களே, அது.

"அப்பவே ஏன் கேக்கல அண்ணே?"

அவர் திருப்புளியைத் துணியில் துடைத்தார். "கேட்டா நீ பேச ஆரம்பிச்சிடுவே. பேசினா ஆறுதல் சொல்லுவே. அவளுக்கு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து ஊரே ஆறுதல் சொல்லுது, காது புளிச்சுப்போச்சு. கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல." மனைவியைப் பார்த்தார். "பேச முடிஞ்சும் பேசாம ஒருத்தன் கேட்டுட்டு உக்காந்திருக்கான்னு சொன்னேன். நம்பல. அப்படி ஒரு ஆம்பளை கிடையவே கிடையாதாம். அதான் கூட்டிட்டு வந்தேன்."

பிறகு அவர்தான் கேட்டார். "சரி, எதுக்கு அப்படி இருந்தே? கேக்கலாம்ல?"

கேட்டுவிட்டார். எத்தனையோ மாதமாக நான் ஒத்திகை பார்த்த கேள்வி. மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. காலையில் ஆண்டவர் முன் சும்மா இருக்கப் பழகுகிறோம் என்றேன். அவர் நாம் சொல்வதைக் கேட்கிறார், அவரிடமிருந்து கேட்கக் கற்றுக்கொள்கிறோம் என்றேன். எனக்கு அதிலும் பாதிதான் வருகிறது என்றேன். அவ்வளவுதான் என் முதல் சாட்சி. நடுவில் இரண்டு தடவை இருமினேன்.

அந்த அம்மாள் போனை எடுத்து எதையோ தட்டி என் பக்கம் திருப்பினார். 'எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க. சத்தமா வேண்டாம்.'

மூன்று பேரும் லிஃப்டுக்குள் நின்றோம். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அண்ணன் திறக்கவில்லை. பல் டாக்டரின் இயந்திரச் சத்தம் எங்கோ கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அந்த அம்மாளுக்குக் குரல் இல்லாததும் எனக்கு வார்த்தை இல்லாததும் அங்கே ஒரு குறையாகத் தெரியவில்லை. இந்த மௌனத்தை எனக்கென்று சேர்த்து வைத்திருந்தேன். மேல் மாடியிலிருந்து கீழே கொண்டுவந்து கொடுக்கத்தான் அது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள். நான்தான் கேட்கவில்லை. எப்போது முடித்தோம் என்று தெரியாது. கதவு திறந்தபோது வரவேற்பறைப் பெண்ணும் காவலாளியும் வெளியே நின்று, லிஃப்ட் மறுபடியும் மாட்டிக்கொண்டது என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாட்டல" என்றேன் நான்.

காவலாளி இரண்டடி பின்னால் போனார். ரேடியோ கேட்ட அற்புதம் அவன் இல்லாமலே நடந்துவிட்டது. ஓடிப்போய் எல்லாரிடமும் உண்மையைச் சொன்னேன். ஒரே பிற்பகலில் அந்தத் தெரு முழுக்கப் பேசியிருக்கிறேன் சித்தி, மன்னிப்புக் கேட்டபடியே. செய்தித்தாள் கடைக்காரர் மட்டும் இன்னும் நம்பவில்லை. அது அற்புதம்தான், நான் அடக்கத்தால் மறைக்கிறேன் என்கிறார்.

சாயங்காலம் அக்கா கேட்டார். "இன்னைக்கு யார்கிட்ட பேசின?"

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சிரித்தார். "போய்த் தூங்கு" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு தூங்கினேன். ரேடியோ தூக்கத்தில் பேசியதுகூடத் தாலாட்டு மாதிரி இருந்தது.

ஆகவே, மீண்டும் சொல்கிறேன். நாவு திறந்துவிட்டது. ஜெபத்தை நிறுத்தலாம். இனி யார் முன்னாலும் எனக்குப் பயமில்லை. எங்கே அனுப்பினாலும் வாய் திறந்து பேசுவேன் என்று சபையில் தைரியமாகச் சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கும் ஐக்கியத்துத் தாய்மார் எல்லாருக்கும் என் அன்பும் வணக்கமும். கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டு நிலைவாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்காரட்டும்.

இப்படிக்கு,
நாட்காட்டியில் இருப்பவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அக்கா கூப்பிட்டுவிட்டார். குழு முடிவு செய்துவிட்டது. என்னைத் தூரத்து ஊர் ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஊரின் பாஷையில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆகும், அதுவரை நான் வாயைத் திறக்கவே கூடாது, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும், அதற்காகத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்களாம். துணைக்கு ரேடியோவும் வருகிறான். அவனுக்கும் அந்தப் பாஷை தெரியாது. அது அவனைத் தடுக்கும் என்று இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆகவே மேலே சொன்னதை விட்டுவிடுங்கள் சித்தி. வெள்ளிக்கிழமை ஜெபம் தொடரட்டும். எனக்கு வேண்டாம், எனக்கு அங்கே சுகமாகத்தான் இருக்கும். அவன் நாவு மூட வேண்டும் என்று கேளுங்கள்.