கூரை, அதன் கீழே ஒருத்தி

மாமியார் வீட்டு வாசலில் குத்தவைத்து, கோலப்பொடியைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான் தனுஷ்கோடி. கான்சாபுரத்தில் இன்னும் சரியாக விடியவில்லை. ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தான்.

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட முனீஸ்வரியை எப்படியாவது அழைத்துப் போக வேண்டும். மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வராது. ஸ்ரீவில்லிபுத்தூர் வகுப்பில் படித்த ஜப்பானிய எழுத்து ஒன்றைத்தான் நம்பி, அதையே வாசலில் வரைந்துகொண்டிருந்தான். மேலே கூரை, அதன் கீழே ஒரு பெண். இரண்டும் சேர்ந்தால் அமைதி. 'நீ இருந்தால்தான் நிம்மதி' என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

சண்டையை மூட்டியதும் அதே எழுத்துதான்.

மில்லில் ஃபிட்டரான அவன், ஜப்பான் வேலைக்காகப் படித்துக்கொண்டிருந்தான். அந்த எழுத்தை ஓரிடத்தில் 'அன்' என்று படிக்க வேண்டும், இன்னோரிடத்தில் 'யசு'. ஒன்று நினைவுக்கு வந்தால் மற்றது ஓடிவிடும். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து சமைக்கும் நர்ஸ் முனீஸ்வரிதான் அடுப்படியிலிருந்து எடுத்துக்கொடுப்பாள். அதற்கே மலிவு என்றும் ஒரு பொருள் உண்டாம். அமைதி மலிவாகக் கிடைக்கும் என்று கல்யாணமானவன் எவனும் நம்பமாட்டான்.

"நான் ஜப்பான் போனதும் வேலைய விட்டுட்டு வீட்டோட இருட்டி. எழுத்துலயே அப்படித்தான போட்டிருக்கான்?" என்று முந்தாநாள் சொல்லிவிட்டான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"ஏ சண்முகத்தாயி! ஒன் வாசல்ல எவனோ செய்வினை வைக்கான்!"

எதிர்வீட்டு வெள்ளத்தாயின் குரல். தனுஷ்கோடி பதறிப்போய், வாசல் தெளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டான். தண்ணீர் கூரையை மட்டும் அடித்துக்கொண்டு போனது. பெண் அப்படியே நின்றாள்.

"செய்வினை இல்ல பெரியம்மா, இது பொம்பள!"

"எந்தப் பொம்பளைக்குல செஞ்ச?"

தெருவே கூடிவிட்டது. மாமியார் சண்முகத்தாய் கதவைத் திறந்து, "மாப்ளயா!" என்று வாயில் கை வைத்தாள். எல்லோருக்கும் முன்னால் கூரை, பெண், அமைதி என்று அவன் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. மானம் போனதுதான் மிச்சம்.

பின்னால் வந்த முனீஸ்வரி ஈரத்தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூரை போயிருச்சு. அவ மட்டும் நல்லா நிக்கா," என்றாள். கண் கலங்கியிருந்தது.

அதைப் பார்த்ததும் வராத வாயும் வந்துவிட்டது. "நான் சொன்னது தப்புதான் முனீசு. நீ எந்த வேலைக்கு வேணும்னாலும் போ. நான் குறுக்க நிக்க மாட்டேன்." மனதாரத்தான் சொன்னான்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் அம்மாவைப் பார்த்தாள். சண்முகத்தாய் பெருமூச்சு விட்டாள்.

"இத எப்படிச் சொல்றதுன்னுதான் ரெண்டு நாளா அழுதுக்கிட்டுக் கெடந்தா மாப்ள. ஒங்க பொஸ்தகத்தப் படிச்சே பரீட்ச எழுதி, அவளுக்கு ஜப்பான்ல ஆஸ்பத்திரி வேல கெடச்சிருச்சு. அது சரி, கூரைக்குக் கீழ ஆம்பள மட்டும் இருந்தா, அதுக்கு அங்க எழுத்து இருக்கா?"