மாப்பிள்ளை மேம்படுத்திய ஆம்ப்ளிஃபையர்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை நலம். நான் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் பவர் ஆம்ப்ளிஃபையர் உங்களை என்ன செய்தது? என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அது என்னோடு இருக்கிறது. போட்டால் கொஞ்சம் உறுமும், சூடானால் ஒரு பக்கம் கரகரக்கும், தலையில் ஒரு தட்டுத் தட்டினால் அடங்கிவிடும். வயசானால் மனுஷனுக்கே இதெல்லாம் உண்டு. அதற்காக என்னைக் கழற்றியா பார்த்தீர்கள்? போன விடுமுறைக்கு வந்தவர் சாப்பிட்டோமா, தூங்கினோமா என்று இருக்காமல், "மாமா, உள்ள கெப்பாசிட்டர் எல்லாம் வீங்கிப் போயிருக்கு. அதையெல்லாம் மாத்தி, கொஞ்சம் அப்கிரேடும் பண்ணிட்டா இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்றீர்கள். இருபது வருஷம் என்றதும் எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பது இதுதான்.

விடுமுறை முழுவதும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஈயத்தை உருக்கினீர்கள். என் படுக்கை விரிப்பில் சூட்டுக்கோல் பட்டு ஒரு பொத்தல், அதைத் தலையணையால் மூடி வைத்தது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் ஸ்பீக்கர் ஒயர் சொருகும் இடமெல்லாம் தங்க நிறத்தில் புதிதாக வைத்தீர்கள். யார் பார்க்கப் போகிறார்கள், சுவரா? கடைசியில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் ஒரு காலும் டாக்ஸியில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, குண்டு பல்பு மாட்டிய ஒரு பலகையை என் கையில் திணித்தீர்கள். "மாமா, நேரா சுவர்ல சொருகிடாதீங்க. இந்த பல்பு வழியா போடுங்க. உள்ள எங்கயாவது ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுன்னு எரியும், ஆம்ப்ளிஃபையர் தப்பிச்சுக்கும்" என்றீர்கள்.

சொன்ன சொல்லைத் தட்டாமல் அன்று முதல் பல்பு வழியாகத்தான் போடுகிறேன். ஹாலில் மொட்டை பல்பு பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதற்கு ஒரு துணிக்கூடுகூட வாங்கி மாட்டினேன். என்ன பலன்? பாட்டில் மேளம் வரும்போதெல்லாம் பல்பு எரிகிறது, மேளம் கேட்பதில்லை. வால்யூமைக் கடைசிவரை திருகினாலும் பாடுகிறவர் தலையணைக்கு அடியிலிருந்து பாடுவது போலிருக்கிறது. மாடி வீட்டுப் பட்டாளத்துக்காரரை உங்களுக்குத் தெரியும், நான் பாட்டுப் போட்டால் கைத்தடியால் தரையை இடிப்பவர். அவர் கையில் ஆரஞ்சுப் பழங்களோடு இறங்கி வந்து, "சத்தத்தையே காணோமே, உடம்புக்கு ஏதாவதா?" என்று விசாரித்தார். பரம விரோதி பழம் வாங்கிக்கொண்டு வரும் நிலைமைக்கு என்னை ஆளாக்கிவிட்டீர்கள்.

இடுப்பு ஒடிய அதைத் தூக்கிக்கொண்டு ரேடியோ ரிப்பேர் கடைக்கும் போனேன். கடைக்காரர் பிளக்கைச் சொருகினார், பாட்டு போட்டார், அலமாரியில் இருந்த திருகாணி எல்லாம் குதித்தது. "வேலை சுத்தமா இருக்கு சார், யார் பண்ணது?" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து பல்பு வழியாகப் போட்டேன், பழைய குருடி கதவைத் திறடி. அப்போதே புரிந்துவிட்டது, நீங்களும் அவரும் கூட்டு. ஒரே தொழில்காரர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பார்களா?

அதனால்தான் மகளிடம் போனில், "உன் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டும். இல்லைன்னா வரவேண்டாம்" என்றேன். "அப்ப நானும் வரலை" என்று வைத்துவிட்டாள். அடுத்த மாதம் நீங்கள் இருவரும் கடல் கடந்து போகிறீர்கள், திரும்பி வர மூன்று வருஷம் ஆகும், அதற்கு முன் இங்கே வந்து தங்குவதாக இருந்தது, எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. பெண்ணைப் பார்க்காமல் எப்படி இருப்பீர்கள் என்று உங்கள் அத்தை கேட்கிறாள். இருந்துகொள்வேன். மனுஷனுக்கு ரோஷம் என்று ஒன்று வேண்டும்.

உங்கள் பயணம் சிறக்கவும், போகிற ஊரில் யார் வீட்டுப் பெட்டியையும் நீங்கள் திறக்காமலிருக்கவும் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பல்பு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "முதல் தடவை மட்டும்தான் பல்பு, சரியா இருந்தா எடுத்துட்டு நேரா சொருகுங்க, இல்லைன்னா பல்பே கரண்ட்டைத் தின்னுடும்னு டாக்ஸி கிளம்பும்போது சொன்னாரே" என்றாள். எனக்கு ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்க பொண்ணுக்குக் கையாட்டிட்டு இருந்தீங்க." இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். "ரெண்டு தடவை சொன்னேன். உனக்குக் கரண்ட்டைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டீங்க" என்றாள்.

பிளக்கை நேராகச் சுவரில் சொருகினேன். வால்யூம் கடைசியில் இருந்ததை மறந்துவிட்டேன். ஜன்னல் அதிர்ந்தது, மாடியில் கைத்தடி இடித்தது. உறுமல் இல்லை, கரகரப்பு இல்லை. மாப்பிள்ளை, நீங்கள் கெட்டிக்காரர். மேலே எழுதியதை எல்லாம் வேறு யாரோ எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள், மறுபடி எழுதக் கை வலிக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தான், கேட்கிறேன்.

பாட்டு ஓடும்போதே மகளுக்குப் போன் போட்டு, "கேக்குதா?" என்றேன். "பாட்டைக் குறைங்கப்பா, நீங்க பேசறது கேக்கலை" என்றாள். குறைத்தேன். வா என்று சொல்ல வாயெடுத்தேன், "சரி, வைக்கிறேன்" என்றுதான் வந்தது, போனை வைத்துவிட்டேன். அவள் இன்னும் நான் கோபமாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். நீங்கள்தான் எடுத்துச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.